என் கைதான் சரியில்லை என்று மூன்று மாதம் நம்பினேன்

அப்பா வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டி ரெண்டு எங்கள் வீட்டுப் பரணில் பத்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தேக்குப் பலகை, உள்ளே எட்டு ஓம் வூஃபர் (அடித்தொனி தருகிற பெரிய ஸ்பீக்கர்), தட்டினால் இன்னும் கணீரென்று இருக்கும். போன வருடம் ஆடிக்கு வீடு வெள்ளையடிக்க இறக்கியபோதுதான் அந்த ஆசை வந்தது: இதற்கு ஒரு ஆம்ப்ளிபயரை நாமே அசெம்பிள் பண்ணினால் என்ன? நான் திருச்சியில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பிளஸ் டூவில் படித்த பிசிக்ஸும், ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்த வீடியோக்களும்தான் என் எலக்ட்ரானிக்ஸ் படிப்பு. ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கினேன், ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். செட் பாடியது கார்த்திகை தீபத்துக்குத்தான். செலவு எவ்வளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் என் வீட்டம்மா மாதிரி நீங்களும் சிரிப்பீர்கள்.

முதல் தண்டச்செலவு பொருள் வாங்கும் முன்பே நடந்துவிட்டது. மண்டிக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதானே என்று சனிக்கிழமை ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, இட்லி தின்றுவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தே போனேன். தெரு முழுக்க ஷட்டர். ஒரு டீக்கடைக்காரர்தான் "ஞாயித்துக்கிழமை யாரு சார் கடை தொறப்பா?" என்றார். போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய். வெளியூரிலிருந்து போகிறவர்கள் வேலை நாளில் போங்கள், அதுவும் பத்தரைக்கு மேல் போங்கள். காலை எட்டு மணிக்கே போய் நின்றால் தெருவில் பூனைகூட இருக்காது.

இரண்டாவது தடவை ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாயபு தெரு என்று சந்து சந்தாகக் கடைகள் பிரியும். ஒரு கடை ரெசிஸ்டர் மட்டும், ஒரு கடை கேபிள் மட்டும், ஒரு கடையில் ஆம்ப்ளிபயர் போர்டுகளை மாலை மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். ஊரில் மளிகை வாங்குகிற மாதிரி ஒரே கடையில் சீட்டை நீட்டி எல்லாவற்றையும் வாங்கினேன். அதுதான் தப்பு. தன்னிடம் இல்லாத பொருளை அந்தக் கடைப்பையன் பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய் எடுத்து வருகிறான். அது எங்கிருந்து வந்தது, என்ன ரகம் என்று அவனுக்கே தெரியாது. விலையில் மட்டும் இருபது ரூபாய் ஏறியிருக்கும்.

நான் வாங்கப் போன முக்கியமான சரக்கு பவர் டிரான்சிஸ்டர், ஸ்பீக்கரை ஓட்டுகிற கரண்ட் அது வழியாகத்தான் போகும். அசெம்பிள் பண்ணுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற ஜோடிதான்: சி5200, ஏ1943. பக்கத்துக்கு ரெண்டு ஜோடி, ஆக மொத்தம் எட்டு. கடைக்காரர், "ஒரிஜினலா, சாதாவா?" என்று வெளிப்படையாகவே கேட்டார். அந்த நேர்மையைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "ஒரிஜினலே குடுங்கண்ணே" என்றேன். "எண்பத்தஞ்சு ரூபா, தோஷிபா, பாருங்க எழுத்து" என்று காட்டினார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது, வெள்ளையாகப் பளிச்சென்று. பில் வேண்டாம் என்றால் பதினெட்டு சதவீத வரி மிச்சம் என்றார். சந்தோஷமாகத் தலையாட்டினேன். கூடவே 24-0-24 (நடு ஒயரிலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட்) ஐந்து ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் 1,250 ரூபாய், போர்டு 950, கரண்டைச் சேர்த்து வைக்கிற கெபாசிட்டர் நாலு 280, இருநூறு ரூபாய் மஞ்சள் மல்டிமீட்டர் ஒன்று, 25 வாட்ஸ் சால்டரிங் அயர்னும் ஒரு சுருள் ஈயமும் சேர்த்து 350. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி ஊர் திரும்பினேன்.

கெபாசிட்டர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது முழுக்க என் முட்டாள்தனம். "பத்தாயிரம் மைக்ரோ நாலு" என்று மட்டும் கேட்டேன், வோல்டேஜ் சொல்லவில்லை. கடைக்காரர் கையில் கிடைத்த 35 வோல்ட் சரக்கைக் கொடுத்துவிட்டார். 24 வோல்ட் ஏசியை டயோடில் திருப்பினால் 24 டிசி வராது. 1.414-ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 34 வருகிறது. அது கரண்ட் 230 வோல்ட்டில் இருக்கும்போது. எங்கள் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்கு 248 வரை ஏறும், பாட்டு ஓடாமல் சும்மா நிற்கும் டிரான்ஸ்பார்மரும் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடவே கொடுக்கும். பிற்பாடு அளந்து பார்த்தபோது 38 வோல்ட் நின்றது. பத்தாவது நாள் ரெண்டு கெபாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. 24-0-24 போட்டால் 50 வோல்ட்டுக்குக் குறையாமல் கேளுங்கள், 63 கிடைத்தால் இன்னும் நிம்மதி.

மல்டிமீட்டர் கதை இதைவிட மோசம், மானம் போன கதை. ஒருநாள் சாயங்காலம் வீட்டு பிளக் பாயின்டை அளந்தால் 274 காட்டுகிறது. பயந்துபோய் ஃபிரிட்ஜை, டிவியை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு ஈ.பி. ஆபீசுக்குப் போன் பண்ணினேன். லைன்மேன் மழையில் சைக்கிளில் வந்து தன் மீட்டரை வைத்தார், 238. என் மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேட்டரி எப்ப சார் மாத்துனீங்க?" என்றார். வாங்கி ஒரு மாதம்தான், ஆனால் அதில் வந்த ஒன்பது வோல்ட் பேட்டரி எந்தக் காலத்துச் சரக்கோ. பேட்டரி இறங்கினால் இந்த மாதிரி மீட்டர் குறைத்துக் காட்டாது, கூட்டித்தான் காட்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். இந்த மலிவு மீட்டர்களில் இன்னொன்றும் இருக்கிறது. பத்து ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கிடையாது என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ஆம்பியர் பார்த்துவிட்டு ஒயரை அதே துளையில் மறந்துபோய் பிளக் பாயின்டில் செருகினால் நேரடி ஷார்ட்தான். பேட்டரியில் ஓடுகிற சாமானை அளக்க அது போதும். வீட்டு லைனில் வைக்கிற மீட்டருக்குப் பணம் போடுங்கள்.

இனிதான் பெரிய அடி. போர்டில் எல்லாம் பூட்டி, ஆவணியில் ஒரு ராத்திரி முதல் தடவை பாட்டு வந்தது. அரைமணி நேரம் மெதுவாக வைத்துக் கேட்டேன், கண்ணில் தண்ணீர் வராத குறை. பையன் "சவுண்ட் வைங்கப்பா" என்றான். வால்யூமை முக்கால்வாசி திருகினேன். இடது பக்க வூஃபரின் கோன் (முன்னால் அசைகிற கூம்பு) சடக்கென்று முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, திரும்ப உள்ளே போகாமல் அப்படியே நின்றது. பாட்டு இல்லை. ஒரு நொடி எதுவும் புரியவில்லை. பிறகு துணிக்குள்ளிருந்து மெல்லிசாகப் புகை, வார்னிஷ் தீய்கிற நாற்றம். நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் காயில் கருகிவிட்டது. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் அசையவே இல்லை. அப்பா கையால் பூட்டிய வூஃபர் அது. பணம் 2,800 ரூபாய்தான், அதே அளவில் வேறொன்று கிடைத்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

அளந்து பார்த்ததில் டிரான்சிஸ்டர் உள்ளே ஷார்ட்டாகி, 33 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கருக்குள் பாய்ந்திருக்கிறது. இங்கேதான் நான் தப்பான பக்கம் திரும்பினேன். சரக்கைச் சந்தேகப்படவே இல்லை, ஒரிஜினல் என்று கேட்டு வாங்கியது ஆயிற்றே. என் சால்டரிங்தான் சரியில்லை என்று முடிவுகட்டினேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. ஈயம் வைத்த இடமெல்லாம் பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. எவ்வளவு சுட்டாலும் ஈயம் ஓடாமல் உருண்டைகட்டும். அழுத்திப் பிடித்துச் சுட்டதில் போர்டின் ட்ராக் (செம்புக் கோடு) ரெண்டு இடத்தில் பேர்ந்து வந்தது. பிற்பாடு புரிந்தது, அந்தச் சுருளில் 60/40 என்று எங்குமே எழுதியிருக்கவில்லை. அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம் உள்ள கம்பி 190 டிகிரிக்குள் முழுசாக உருகிவிடும். வெள்ளீயம்தான் விலை கூடியது, அதைக் குறைத்துக் காரீயத்தைக் கூட்டினால் நாற்பது டிகிரிக்கு மேல் கூடுதல் சூடு கேட்கும். என் 25 வாட்ஸ் அயர்ன் எங்கே போகும் அதற்கு? கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்றெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புதுப் போர்டு வாங்கினேன், அதே ஈயத்தைத்தான் வைத்தேன். டிரான்சிஸ்டரை இந்தத் தடவை ஆன்லைனில் ஆர்டர் போட்டேன், எட்டும் டெலிவரியும் சேர்த்து 1,040 ரூபாய். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, எதற்கு என்று நினைத்தேன். அதுவும் பதினைந்து நிமிடம்தான் தாங்கியது. நல்லவேளை, அந்தத் தடவை பழைய எஃப்எம் ரேடியோவில் கழற்றிய சின்ன ஸ்பீக்கரை மாட்டியிருந்தேன், போனது அதோடு போயிற்று. திருப்பி அனுப்பக் கேட்டால், பயன்படுத்திய பொருளை எடுக்க மாட்டோம் என்று ஒரு வரிப் பதில். 1915 என்று தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம் என்று மண்டியில் ஒருவர் சொன்னார். ஆனால் என்னிடம் என்ன ஆதாரம்? வந்த பெட்டியைக்கூட குப்பையில் போட்டிருந்தேன். கடையோ ஆன்லைனோ, பொருளின் எண்ணும் கம்பெனிப் பெயரும் எழுதிய பில் இல்லாமல் பவர் சாமான் வாங்காதீர்கள். நான் மிச்சம்பிடித்த அந்தப் பதினெட்டு சதவீதம் எனக்கு எவ்வளவு வைத்தது பாருங்கள்.

புரட்டாசி முழுக்க எதையும் தொடவில்லை. ஐப்பசியில் டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு பாலக்கரையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்குப் போனேன், அது தொட்டால் சுடுகிறது என்று. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், முன்பு மைக் செட் வைத்திருந்தவர். கோயில் திருவிழாவுக்கெல்லாம் தானே ஆம்ப்ளிபயர் கட்டியிருக்கிறார். கையில் வாங்கியதுமே "என்ன தம்பி, வெயிட்டே இல்ல?" என்றார். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 1 கிலோ 900. "நாப்பத்தெட்டு வோல்ட், அஞ்சு ஆம்பியர். பெருக்குங்க, இருநூத்தி நாப்பது. அதுக்கு மூணரைக் கிலோவாவது இருக்கணும்ல?" ஒயர் நுனியில் வார்னிஷைப் பிளேடால் சுரண்டினார். உள்ளே செம்புச் சிவப்பு இல்லை, வெள்ளிக் கலர். அலுமினியம். அலுமினியத்தில் சுற்றுவதே மோசடி என்று அவர் சொல்லவில்லை, அதற்குத் தகுந்த தடிமனில் சுற்றினால் ஓடும். இது கம்பியும் மெலிசு, ஸ்டாம்பிங்கும் (நடுவில் அடுக்குகிற இரும்புத் தகடு) குறைவு. "அஞ்சுன்னு ஒட்டியிருக்கான், ரெண்டு ஆம்பியரே இழுக்காது" என்றார். வீட்டில் வந்து பார்த்தேன், சும்மா இருக்கும்போது 26, வால்யூம் ஏற்றினால் 19-க்கு விழுகிறது. இருநூறு ரூபாய் மீட்டரிலேயே இது தெரிந்திருக்கும், லோடு போட்டு அளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

டிரான்சிஸ்டர் கதையையும் அவரிடம் கொட்டினேன். "கருகினது இருக்கா?" என்றார். மறுநாள் டப்பாவோடு போனேன். ஒன்றை எடுத்து வைஸில் விளிம்பைக் கடிக்கவிட்டு, கட்டிங் பிளேயரால் கறுப்புப் பிளாஸ்டிக்கை ஓரத்திலிருந்து நொறுக்கினார். செம்புத் தகட்டின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரச் சில்லு, மிளகை நசுக்கி ஒட்டின மாதிரி. "இதுதான் சரக்கு. மத்ததெல்லாம் சட்டை." பிறகு தன் மேசை இழுப்பறையைக் குடைந்து, ஏதோ பழைய ஆம்ப்ளிபயரில் கழற்றிய, நிஜமாகவே நிஜமான ஒரு சி5200-ஐ எடுத்தார். அதுவும் செத்ததுதான். அதையும் உடைத்தார். அதே அளவு உடம்பு, ஆனால் உள்ளே இருந்த சில்லு என்னுடையதைப் போல மூன்று மடங்கு பரப்பு. தகடும் தடி. ரெண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று மாதமாக நான் திட்டிக்கொண்டிருந்தது என் கையை.

உடைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றால் முடியாது, ஆனால் உடைக்காமலே பாதி தெரிந்துவிடும். நல்ல சி5200 கிட்டத்தட்ட பத்து கிராம் இருக்கும். நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு சின்னத் தராசு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, நான் இப்போது பையிலேயே வைத்திருக்கிறேன். நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் நனைத்து எழுத்தைத் தேய்த்தால், மேலே மை பூசி எழுதியது கரைந்து வரும். என் மிச்ச நாலில் மூன்று கரைந்தது. ஒரே பாக்கெட்டில் வந்த எட்டும் ஒரே லாட் எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை எல்லாவற்றையும்விட பெரிய சாட்சி: இருநூறு ரூபாய் ஓடுகிற சாமானை எண்பத்தைந்துக்கு ஒருவர் தருகிறார் என்றால் அவர் தர்மம் பண்ணவில்லை. தோஷிபா இப்போது டிடிசி5200, டிடிஏ1943 என்ற எண்களில் இதே ஜோடியைத் தருகிறது. பழைய எண்ணில் புத்தம்புது தோஷிபா மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது என்றால் கொஞ்சம் யோசியுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு நல்ல சரக்கு கிடைத்ததும் அதே ரிச்சி தெருவில்தான், மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கடையில். எட்டுக்கு 1,680 ரூபாய், பில்லோடு. "ரெண்டு பீஸ் செக் பண்ணிட்டு மிச்சத்த வாங்கிக்கவா?" என்று கேட்டபோது அவர் முகம் சுளிக்கவில்லை. அதற்கு முன் நான் கேட்ட மூன்று கடைகளில் சுளித்தார்கள். கடையைத் தேர்ந்தெடுக்க எனக்கு இப்போது அந்த ஒரு கேள்வி போதும்.

வைண்டிங் கடைக்காரர் கொடுத்த இன்னொரு சொத்து சீரிஸ் போர்டு. ஒரு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பு, மொத்தம் நூற்றைம்பது ரூபாய் ஆகாது. புதிதாகக் கட்டிய எதையும் நேரே கரண்டில் செருகாமல் இந்தப் பல்பு வழியாக விட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து, கெபாசிட்டர் நிரம்பியதும் மங்கி அணைந்தாற்போல் ஆகும். உள்ளே ஷார்ட் இருந்தால் முழுசாக எரிந்துகொண்டே நிற்கும், ஆனால் சாமான் பிழைத்துக்கொள்ளும். முதல் நாளே இது என்னிடம் இருந்திருந்தாலும் வால்யூமைத் திருகும்போது அந்த டிரான்சிஸ்டர் போயிருக்கும், ஆனால் பல்பு கரண்டை முழுங்கியிருக்கும், அப்பாவின் வூஃபர் தப்பியிருக்கலாம். டிரான்சிஸ்டரின் முதுகுத் தகடு கலெக்டரோடு (அதன் மூன்று கால்களில் ஒன்று) சேர்ந்தது, அதனால் அதற்கும் சூட்டை இழுக்கிற ஹீட் சிங்க்குக்கும் நடுவில் கரண்டைக் கடத்தாத மைக்கா ஷீட் வைத்து, மீட்டரில் பீப் சத்தம் வராமலிருக்கிறதா என்று பார்த்த பிறகே கரண்ட். ஸ்பீக்கர் மாட்டும் முன் அவுட்புட்டில் டிசி அளக்க வேண்டும். எனக்கு 20 மில்லிவோல்ட்டுக்குள் வந்தது, ஐம்பதுக்குள் இருந்தால் பயமில்லை. இதற்கும் மேலே µPC1237 என்ற ஐசியும் ரிலேயும் போட்ட ஸ்பீக்கர் ப்ரொடெக்ஷன் போர்டு ஒன்று 350 ரூபாய்க்குப் போட்டிருக்கிறேன். டிசி வந்தால் டக்கென்று ஸ்பீக்கரைக் கழற்றிவிடும்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் கணக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பயணம் 600, முதல் டிரான்சிஸ்டர் 680, கெபாசிட்டர் 280, டிரான்ஸ்பார்மர் 1,250, மீட்டர் 200, அயர்னும் ஈயமும் 350, ட்ராக் பேர்ந்த போர்டு 950, வூஃபர் 2,800, ஆன்லைன் டிரான்சிஸ்டர் 1,040. தண்டம் மட்டும் 8,150 ரூபாய். திரும்ப ஒழுங்காக வாங்கியது: டிரான்சிஸ்டர் 1,680, பாலக்கரையிலேயே செம்பில் சுற்றிய டிரான்ஸ்பார்மர் 2,500, 63 வோல்ட் கெபாசிட்டர் 1,040, நல்ல மீட்டர் 1,450, சூடு கூட்டிக் குறைக்கிற அயர்னும் 60/40 ஈயமும் 1,300, ப்ரொடெக்ஷன் 350, ரெண்டாவது போர்டு 950. ஆக 9,270. இதில் மீட்டரையும் அயர்னையும் சீரிஸ் போர்டையும் முதலில் வாங்கியிருந்தால் மேலே உள்ள பட்டியலில் பாதி வந்தே இருக்காது. நானோ அளக்கிற சாமானில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டு மற்றதில் வாரி இறைத்தேன். போர்டில் "300+300 வாட்ஸ்" என்று அடித்திருந்ததைப் பார்த்து மயங்கியதும் அப்படித்தான். 33 வோல்ட்டில் எட்டு ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு ஐம்பது வாட்ஸ் வரும், அவ்வளவுதான். எங்கள் ஹாலுக்கு அதுவே அதிகம், மாடி வீட்டுக்காரர் ரெண்டு தடவை வந்துவிட்டார்.

இப்போது தினம் சாயங்காலம் ஓடுகிறது. வலது பக்கத்தில் மட்டும் பாட்டு இல்லாத நேரத்தில் லேசாக ஒரு "ம்ம்ம்". எர்த் ஒயரை டிரான்ஸ்பார்மரை ஒட்டிக் கொண்டுபோனது காரணமாக இருக்கலாம் என்று பாலக்கரையில் சொன்னார்கள். பெட்டியைத் திருப்பிப் பிரிக்க வேண்டும். அரிசி சீசன் கணக்கு முடியட்டும் என்று வைத்திருக்கிறேன்.